கமாண்டோ படைகளுக்கு ரேங்க் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் உலகின் தலைசிறந்த 10 கமாண்டோ படைகள் என்று இரண்டு பக்கத்துக்கு வந்த கட்டுரையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். படங்கள் நன்றாக இருந்தன, அதில் குறை இல்லை. சேற்றில் புரளுகிறவர்கள், கடலோரத்தில் கனத்த மரத்தடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்பவர்கள், முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பவர்கள். முதலிடம் இவர்களுக்கு, நாலாமிடம் அவர்களுக்கு என்று எண் போட்டு, ஒவ்வொரு படைக்கும் கீழே நூற்றுக்கு எத்தனை பேர் தாங்க முடியாமல் விலகுகிறார்கள் என்று ஒரு வரி. எதை வைத்து இந்த வரிசை என்று மட்டும் கடைசி வரை சொல்லவில்லை. எத்தனை பேர் கழிந்துபோகிறார்கள் என்பதையே அளவுகோலாக வைத்திருப்பது போலத் தெரிந்தது.

நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. ஆனால் இந்தப் படைகளைப் பற்றி வெளியான விசாரணை அறிக்கைகள், நடவடிக்கைகளின் வரலாறுகள், ஓய்வுபெற்ற அதிகாரிகளின் பேட்டிகள் என்று பல வருஷமாக விடாமல் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிக்கொண்டே வந்தது. இந்தப் படைகள் வெளியே புகழ் பெறுவது ஒரு காரணத்தால், களத்தில் ஜெயிப்பது வேறு காரணத்தால். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால் ஆட்கள் செத்திருக்கிறார்கள், படைகளும் கெட்டிருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆஸ்திரேலியா பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

முதலில் இந்த ரேங்க் விவகாரம். ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாத படைகளை ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறீர்கள். ஜெர்மனியின் ஜி.எஸ்.ஜி.9 ராணுவமே கிடையாது, அது காவல்துறையைச் சேர்ந்த படை. அமெரிக்க ராணுவத்தின் கிரீன் பெரே படைக்கு 1952-இல் தொடங்கிய காலத்திலிருந்தே முக்கியமான வேலை, வேற்று நாட்டு ஆட்களோடு போய்த் தங்கி, அவர்கள் மொழியைப் பேசி, அவர்களுக்குப் போர்ப்பயிற்சி கொடுப்பது. அவர்களுடைய 12 பேர் குழுவில் மருத்துவம் படித்தவர் 2 பேர், பொறியியல் தெரிந்தவர் 2 பேர், தகவல் தொடர்புக்கு 2 பேர், ஆயுதத்துக்கு 2 பேர் என்று வேலை பிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் மருத்துவப் பொறுப்பில் இருப்பவரின் படிப்பு மட்டுமே ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடும். இந்தியக் கடற்படையின் மார்கோஸ் 1987-இல் உருவானது, கடலும் கரையும்தான் அவர்கள் முதன்மைக் களம். தேசியப் பாதுகாப்புப் படை 1984-இல் பயங்கரவாத எதிர்ப்புக்கென்றே ஏற்பட்டது. இதில் யார் நம்பர் ஒன் என்று கேட்பது, அறுவைசிகிச்சை செய்யும் டாக்டர் பெரியவரா, தீயணைப்பு வீரர் பெரியவரா என்று கேட்கிற மாதிரி.

அடுத்தது, நீங்கள் பயிற்சி என்று எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் பயிற்சியே இல்லை. அது ஆள் எடுப்பதற்கான தேர்வு. கலிபோர்னியாவின் கொரோனாடோவில், அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான நேவி சீல் ஆக வருகிறவர்களுக்கு 24 வாரம் நடக்கிற ஆரம்பப் படிப்பின் முதல் கட்டத்திலேயே வந்துவிடுவது அந்தப் புகழ்பெற்ற ஹெல் வீக். ஐந்தரை நாள். மொத்தத் தூக்கமே நாலு மணி நேரம் அளவுக்குத்தான். குளிர்ந்த கடல்தண்ணீர், ஈர மணல், ரப்பர் படகைத் தலையில் சுமந்துகொண்டு ஓட்டம். முடியவில்லை என்றால் அங்கே தொங்குகிற பித்தளை மணியை மூன்று தடவை அடித்துவிட்டுப் போய்விடலாம். இந்த மணி உலகத்துக்கே தெரியும், உங்கள் கட்டுரையிலும் அதன் படம் இருந்தது. ஆனால் ஹெல் வீக்கைத் தாண்டியவர் சீல் ஆகிவிடுவதில்லை. அதற்கு மேல் நீருக்கடியில் வேலை, வெடிமருந்து, தரைச்சண்டை, பாராசூட், தகுதிப் பயிற்சி எல்லாம் முடித்த பிறகுதான் நெஞ்சில் சின்னம் குத்துவார்கள். அப்புறம் ஒரு அணியில் போட்டு, அந்த அணி மொத்தமும் சேர்ந்து பல மாதம் பழகிய பிறகுதான் முதல் பணிக்கே அனுப்புவார்கள். ஹெல் வீக்கில் யாரும் சுடக் கற்றுக்கொள்வதில்லை, கதவை உடைக்கக் கற்றுக்கொள்வதில்லை. குளிரும் தூக்கமின்மையும் சேர்ந்து அமுக்கும்போது ஒரு ஆள் தன்னை மட்டும் பார்த்துக்கொள்வானா, படகின் மறுமுனையைப் பிடித்திருக்கிறவனையும் பார்ப்பானா என்பதை அறிய ஒரு வாரம் அது, அவ்வளவுதான்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். நடத்தும் தேர்வோ வேறு ரகம். வேல்ஸில் பிரெகன் பீக்கன்ஸ் மலைகளில் முதுகில் மூட்டையும் கையில் வரைபடமுமாகத் தனி ஆளாக நடக்க வேண்டும். கடைசி நடை சுமார் 64 கிலோமீட்டர், 20 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். யாரும் கத்த மாட்டார்கள். திட்டுவதும் கிடையாது, தட்டிக்கொடுப்பதும் கிடையாது. ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அடுத்த இடத்தை வரைபடத்தில் காட்டச் சொல்வார்கள், காட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். நன்றாகப் போகிறோமா, பின்தங்கிவிட்டோமா என்று நடப்பவருக்குத் தெரியவே தெரியாது. இந்த முறை எப்படி வந்தது என்பதுதான் எனக்கு எப்போதும் பிடித்த பகுதி. 1950-களின் தொடக்கத்தில் மலாயாக் காட்டுப் போருக்காக அவசரம் அவசரமாக ஆள் சேர்த்தபோது சாகசப் பிரியர்களும் ஒழுங்கு கெட்டவர்களும் உள்ளே புகுந்துவிட்டார்கள், படையின் பெயர் நாறியது. அதைச் சரிசெய்யத்தான் 1952-இல் ஜான் வுட்ஹவுஸ் என்ற அதிகாரி இந்தத் தேர்வை வகுத்தார். முரடர்களை வடிகட்டி வெளியே தள்ள ஏற்பட்ட ஒரு முறையை, முரடர்களைப் பொறுக்கியெடுக்கும் முறை என்று உங்கள் கட்டுரை எழுதியிருக்கிறது.

சரி, அப்படியானால் இவர்களை இவர்களாக ஆக்குவது எது? அலுப்பூட்டுகிற விடைதான், ஒத்திகை. அதே கதவு, அதே மாடிப்படி, அதே இருட்டு, திரும்பத் திரும்ப. எஸ்.ஏ.எஸ். வீரர்கள் பயிற்சிக் கட்டடத்துக்குள் நிஜத் தோட்டாவோடு நுழைந்து, சக வீரர் ஒருவர் பிணைக்கைதியாக நடுவில் உட்கார்ந்திருக்க, அவரைச் சுற்றியுள்ள இலக்குகளை மட்டும் சுட்டுப் பழகியவர்கள். பிரான்ஸின் ஜி.ஐ.ஜி.என். படையில் புதிதாகச் சேர்கிறவர், குண்டு துளைக்காத உடுப்பு போட்ட தோழரின் மார்பில் பொருத்திய களிமண் வட்டைச் சுட வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. இதில் குறி பார்க்கிற திறமை பாதிதான், தோழரின் உயிரைக் கையில் வைத்திருக்கிறோம் என்கிற உணர்வு மீதி. இதையெல்லாம் படமெடுத்தால் பார்க்க ஆள் இருக்காது என்பது எனக்கும் புரிகிறது. நூறாவது தடவை ஒருவர் ஒரே கதவைத் திறப்பதை யார் பார்ப்பார்கள்? ஆனால் நடவடிக்கை அன்று உதவுவது அந்த நூறு தடவைதான்.

இதற்கு 1980-ஆம் ஆண்டை விடத் தெளிவான சாட்சி கிடையாது. பத்து நாள் இடைவெளியில் இரண்டு சம்பவங்கள்.

ஏப்ரல் 24 இரவு, டெஹ்ரானில் சிறைப்பட்டிருந்த அமெரிக்கத் தூதரக ஊழியர்களை மீட்க அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படையான டெல்டா ஈரான் பாலைவனத்தில் இறங்கியது. டெல்டாவை 1977-இல் உருவாக்கிய சார்லஸ் பெக்வித், 1960-களின் தொடக்கத்தில் எஸ்.ஏ.எஸ். படையோடு பணியாற்றிவிட்டு வந்து, தன் ராணுவத்திலும் அதே மாதிரி ஒரு படை வேண்டும் என்று வருஷக்கணக்காக மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டியவர். ஆள் தேர்வும் அதே அச்சு. ஆக, வந்த ஆட்களின் தரத்தில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 8 ஹெலிகாப்டர்கள் கிளம்பின. வழியில் புழுதி மண்டலம் மறித்தது. 6 மட்டுமே சந்திப்பிடத்துக்கு வந்துசேர்ந்தன, அதிலும் ஒன்றுக்கு ஹைட்ராலிக் கோளாறு. 6 இல்லாமல் மேலே போவதில்லை என்பது முன்கூட்டியே எடுத்த முடிவு, எனவே நடவடிக்கை கைவிடப்பட்டது. கிளம்பும் நேரத்தில் ஒரு ஹெலிகாப்டர், எரிபொருளோடு நின்றிருந்த சி-130 விமானத்தில் மோதித் தீப்பிடித்து 8 பேர் இறந்தார்கள். அத்தனை சல்லடையில் சலித்து எடுத்த அந்த வீரர்கள் தூதரகத்தின் மதில்சுவரைக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் அட்மிரல் ஹாலோவே தலைமையில் நடந்த ஆய்வு சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று, எல்லாப் பிரிவுகளும் ஒரே இடத்தில் கூடி முழு ஒத்திகை ஒன்றைக்கூட நடத்தவில்லை என்பது. ரகசியம் காக்க வேண்டும் என்று ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாகப் பழகியிருக்கிறது.

மே 5 மாலை, லண்டனில் ஈரான் தூதரகம். 6 ஆயுததாரிகள் ஏப்ரல் 30 அன்று 26 பேரைப் பிடித்துவைத்தார்கள். எஸ்.ஏ.எஸ். வீரர்கள் உள்ளே பாய்ந்து 17 நிமிஷத்தில் காரியத்தை முடித்தார்கள், டிவியில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. இன்றைக்கு உலகம் முழுக்க ‘கமாண்டோ’ என்றால் மனசில் வருகிற உருவம், அந்தக் கறுப்பு உடுப்பு, முகமூடி, பால்கனி, எல்லாம் அன்று பதிந்ததுதான். ஆனால் அதற்கு முந்தைய ஆறு நாளைப் பாருங்கள். போலீஸ் பேச்சுவார்த்தைக்காரர்கள் இரவு பகலாகப் பேசி ஐந்து பேரை விடுவித்துவிட்டார்கள், கூடவே நேரத்தையும் சம்பாதித்துக் கொடுத்தார்கள். கட்டடத்தின் மாதிரியைச் செய்து ஒத்திகை பார்த்தார்கள். சுவரில் ஒட்டுக்கேட்கும் கருவிகளைப் பதித்தார்கள். அந்தக் கட்டடத்தின் பராமரிப்பாளர் ஒருவர், முன்கதவுக்குப் பின்னால் இரும்புக் கதவு இருக்கிறது, கீழ்த்தள, முதல்தள ஜன்னல்களில் குண்டு துளைக்காத கண்ணாடி போட்டிருக்கிறது என்று சொன்ன பிறகு, முதலில் போட்ட திட்டத்தையே மாற்றினார்கள். அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசாமல் விட்டிருந்தால் சுத்தியலோடு போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருப்பார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வீரர் கயிற்றில் சிக்கிக்கொண்டு தீக்காயம் பட்டார், நடவடிக்கையின்போது ஒரு பிணைக்கைதியின் உயிரும் போயிற்று. டிவி காட்டியது 17 நிமிஷத்தை. புகழும் அந்த 17 நிமிஷத்துக்குத்தான்.

அதே ரகத்து ஆட்கள், பத்து நாள் வித்தியாசம். ஒரு படை புராண நாயகர்கள் ஆனது, மற்றது கேலிக்கு ஆளானது. பெக்வித்தின் ஆட்கள் மட்டம், பிரிட்டன்காரர்கள் உயர்த்தி என்று இதை வைத்து யாராவது ரேங்க் போட்டால் அது அநியாயம் இல்லையா?

அந்தத் தோல்வியிலிருந்து அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள் என்பது இன்னும் முக்கியம், உங்கள் கட்டுரையில் இல்லாததும் அதுதான். தேர்வைக் கூடுதல் கடினமாக்கி இன்னும் அதிகம் பேரை விரட்டினார்கள் என்று நினைத்தால் தப்பு. கூட்டுத் தலைமை ஒன்றை அதே ஆண்டு டிசம்பரில் அமைத்தார்கள். இரவில் தாழப் பறப்பதையே தொழிலாகக் கொண்ட ஹெலிகாப்டர் பிரிவு ஒன்றை வளர்த்தார்கள். 1987-இல் எல்லாச் சிறப்புப் படைகளையும் ஒரே தலைமைக்குக் கீழ் கொண்டுவந்தார்கள். 2011 மே 2 அன்று பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பின் லேடன் வீட்டு வளாகத்தில் ஒரு ஹெலிகாப்டர் இறங்கும்போதே விழுந்தது. ஒத்திகைக்காகக் கட்டிய மாதிரி வளாகத்தில் கம்பிவலை வேலி போட்டிருந்தார்கள், நிஜ வளாகத்தில் உயரமான மதில்சுவர். காற்று வெளியேற வழியில்லாமல் சுழன்று திரும்ப, ஹெலிகாப்டர் தூக்குவிசையை இழந்தது. பாருங்கள், வேலிக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனாலும் இந்தத் தடவை காரியம் நிற்கவில்லை. மாற்று ஹெலிகாப்டர்கள் தயாராக இருந்தன, விழுந்தால் என்ன செய்வது என்று யோசித்துவைத்திருந்தார்கள், அணியில் ஒருவரும் சாகவில்லை. அதை நடத்திய அட்மிரல் மக்ரேவன், 1990-களில் மாணவராக இருந்தபோது எட்டுப் பழைய நடவடிக்கைகளை அலசி, வெற்றிக்கு ஆறு காரணங்கள் என்று வகுத்தவர். எளிமை, ரகசியம், திரும்பத் திரும்ப ஒத்திகை, எதிர்பாராத்தன்மை, வேகம், நோக்கத்தில் தெளிவு. இந்த ஆறில் வீரரின் புஜபலம் என்று ஒன்று இல்லை.

எஸ்.ஏ.எஸ். பிறந்த கதையும் தோல்விதான். இரண்டாம் உலகப்போரின்போது 1941-இல் வட ஆப்பிரிக்காவில் டேவிட் ஸ்டெர்லிங் தொடங்கிய அந்தப் படை அதே ஆண்டு நவம்பரில் புயல்காற்றில் பாராசூட்டில் குதித்தது. போனவர்களில் பாதிப் பேர்கூடத் திரும்பவில்லை. அடுத்த தடவை பாராசூட்டை விட்டுவிட்டு, பாலைவன ரோந்துப் படையின் வண்டிகளில் ஏறிப் போய் எதிரியின் விமானதளங்களைத் தாக்கினார்கள், ஜெயித்தார்கள். ஜி.எஸ்.ஜி.9 உருவானதும் அவமானத்திலிருந்துதான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய அணியினரைப் பிணையாகப் பிடித்த 8 பயங்கரவாதிகளை எதிர்கொள்ள ஜெர்மன் போலீஸார் ஐந்தே துப்பாக்கிக்காரர்களை நிறுத்தினார்கள். அவர்களுக்குக் குறிபார்த்துச் சுடுவதில் சிறப்புப் பயிற்சி கிடையாது, ஒருவரோடு ஒருவர் பேச ரேடியோ கிடையாது. இஸ்ரேலிய அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த மாதமே புதிய படைக்கு உத்தரவு போட்டு, ஐந்து வருஷம் கழித்து மொகதிஷுவில் கடத்தப்பட்ட லுஃப்தான்சா விமானத்திலிருந்து உயிரோடு இருந்த 86 பிணைக்கைதிகளையும் மீட்டார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2002-இல் மாஸ்கோ நாடக அரங்கில் ரஷ்யச் சிறப்புப் படை உள்ளே நுழைந்து, பார்வையாளர்களைப் பிணையாகப் பிடித்திருந்த ஆயுததாரிகளை ஒழித்துவிட்டது. ஆனால் உள்ளே செலுத்திய மயக்க வாயுவால் சுமார் 130 பிணைக்கைதிகள் இறந்தார்கள். என்ன வாயு என்று டாக்டர்களுக்குச் சொல்லவில்லை, மயங்கியவர்களைப் படுக்கவைத்து மூச்சுவிட வைக்கப் போதிய ஆள் ஏற்பாடு இல்லை. 2008 மும்பைத் தாக்குதலில் தேசியப் பாதுகாப்புப் படையினர் டெல்லிக்குப் பக்கத்தில் மானேசரில் தயாராகத்தான் இருந்தார்கள், அவர்களை ஏற்றிப்போகும் பெரிய விமானம் சண்டிகரில் இருந்தது. மும்பைக்கு வந்துசேர்ந்தபோது மறுநாள் காலை. அதற்கப்புறம்தான் மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத் நகரங்களில் அந்தப் படைக்கு மையங்கள் வந்தன. வீரர்களின் பயிற்சிக்கு இதில் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் பிழைத்தவர், இறந்தவர் எண்ணிக்கையைத் தீர்மானித்ததில் ஆம்புலன்ஸுக்கும் விமானத்துக்கும் பங்கு உண்டு.

அமெரிக்கச் சிறப்புப் படைகளில் ‘ஐந்து உண்மைகள்’ என்று சொல்வார்கள், 1987-இல் ஜான் காலின்ஸ் என்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி எழுதியது. கருவிகளை விட மனிதர்கள் முக்கியம், எண்ணிக்கையை விடத் தரம் முக்கியம், சிறப்புப் படைகளை மொத்தமாக உற்பத்தி செய்ய முடியாது, நெருக்கடி வந்த பிறகு உருவாக்க முடியாது. ஐந்தாவது, பெரும்பாலான சிறப்பு நடவடிக்கைகளுக்குச் சிறப்புப் படை அல்லாதவர்களின் உதவி தேவை. நீண்ட காலம் முதல் நாலை மட்டும்தான் சுவரில் மாட்டிவைத்திருந்தார்கள், ஐந்தாவதைப் பல வருஷம் கழித்துத்தான் சேர்த்தார்கள். விட்டுப்போனது எது என்று கவனித்தீர்களா?

இனி, புகழ் எங்கே கெடுதலாக முடிகிறது என்பதற்கு வருகிறேன்.

2022 பிப்ரவரியில் 24 வயது இளைஞர் ஒருவர் ஹெல் வீக்கை வெற்றிகரமாக முடித்த சில மணி நேரத்தில் நிமோனியாவில் இறந்தார். நுரையீரலில் பிரச்சினை இருந்தது கூட இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. மருத்துவக் கண்காணிப்பு போதவில்லை என்று கடற்படையின் சொந்த விசாரணையே சொன்னது, அதற்கப்புறம்தான் கண்காணிப்பை மாற்றியமைத்தார்கள். 2013 ஜூலையில் பிரெகன் பீக்கன்ஸில் கடும் வெயில் நாளில் எஸ்.ஏ.எஸ். ரிசர்வ் தேர்வு நடையில் மூன்று பேர் வெப்பத்தாக்கத்தால் இறந்தார்கள், அலட்சியமும் ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2015-இல் தீர்ப்பு எழுதினார். விலகுவது அவமானம் என்று நாம் எல்லாரும் சேர்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டால், உடம்பு எரியும்போதும் ஒருவன் நடந்துகொண்டுதான் இருப்பான். ‘கோழைகள் ஓடுகிறார்கள்’ என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அதை எழுதியவர் இந்த இரண்டு அறிக்கைகளையும் படித்திருந்தால் எழுதியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

ஆஸ்திரேலியாவுக்கு வருகிறேன். அந்த நாட்டு ராணுவத்தின் ஸ்பெஷல் ஏர் சர்வீஸ் ரெஜிமென்ட் எந்தப் பட்டியலிலும் இடம் பெறும் படை, உங்கள் பட்டியலிலும் இருந்தது. சமந்தா க்ரோம்வோட்ஸ் என்ற சமூகவியலாளர், ராணுவம் கேட்டுக்கொண்டபடி இந்தப் படைகளின் உட்பண்பாட்டைப் பற்றி வீரர்களிடம் பேசப் போனார். அப்போது அவர்கள் சொல்ல ஆரம்பித்த கதைகள் விசாரணையாக வளர்ந்தன. நீதிபதி பால் ப்ரெரட்டன் நாலு வருஷம் விசாரித்து, 400-க்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டார். 2020 நவம்பரில் வெளியான அறிக்கையின்படி, ஆப்கானிஸ்தானில் 39 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதற்கு நம்பத்தகுந்த தகவல்கள் இருந்தன, 25 வீரர்களுக்குத் தொடர்பு இருந்தது. ஒன்றுகூடச் சண்டையின் சூட்டில் தவறி நடந்தது இல்லை என்று அறிக்கை சொல்கிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் கொலையைப் பழக்குவதற்காக, பிடிபட்ட கைதியைச் சுடச் சொல்லியிருக்கிறார்கள். பிணத்தின் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கத் துப்பாக்கியையோ ரேடியோவையோ கையோடு கொண்டுபோயிருக்கிறார்கள்.

இதில் நமக்கு வேண்டியது, ஏன் நடந்தது என்பதற்கு அறிக்கை தரும் விளக்கம். அவ்வளவு கடினமான தேர்வைத் தாண்டி, வாழ்நாள் கனவாக நினைத்த இடத்துக்குள் அப்போதுதான் நுழைந்த இளைஞருக்கு, ரோந்துக் குழுத் தலைவர் பாதி தெய்வம் மாதிரி. அவர் ஒரு வார்த்தை சொன்னால் இவர் இருக்கலாம், சொன்னால் போகலாம். மறுத்துப் பேச எங்கே துணிச்சல் வரும்? நாம் கைதட்டிப் பாராட்டுகிற அந்தக் கடினமான வாசலே உள்ளே வந்தவரின் வாயை அடைத்திருக்கிறது. நாங்கள் வேறு, சாதாரணச் சட்டதிட்டங்கள் மற்றவர்களுக்கு என்கிற எண்ணத்தை அந்தப் படைக்குள் யார் ஊட்டினார்கள்? மேலதிகாரிகள் கேள்வி கேட்கவில்லை, பத்திரிகைகள் கேட்கவில்லை, நம்மைப் போல் வாய்பிளந்து படிக்கிறவர்களும் கேட்கவில்லை. அறிக்கைக்குப் பிறகு அந்தப் படையின் ஒரு ஸ்குவாட்ரனையே கலைத்தார்கள். ஜெர்மனியும் 2020-இல் தன் ராணுவத்தின் சிறப்புப் படையான கே.எஸ்.கே.யின் ஒரு கம்பெனியைத் தீவிர வலதுசாரித் தொடர்புகளுக்காகக் கலைத்தது, அந்தப் படையில் 48,000 தோட்டாக்களுக்கும் 62 கிலோ வெடிமருந்துக்கும் கணக்கு இல்லை. இரண்டு இடத்திலும் தேர்வு கடினம்தான். தேர்வு கடினமாக இருந்ததால் எதுவும் தப்பவில்லை.

ஆஸ்திரேலியாவில் உண்மையை வெளியே கொண்டுவந்தவர்களிலும் அதே படை வீரர்கள் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. தங்கள் அணியைப் பற்றித் தாங்களே வாய் திறந்து சாட்சி சொன்னார்கள். 64 கிலோமீட்டர் நடப்பதை விட அது கடினம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அவர்களைப் பற்றி எந்தப் பட்டியலிலும் ஒரு வரிகூட வந்ததில்லை.

அளவுக்கு மீறிய உபயோகம் என்று இன்னொன்றும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புகழ் கூடக் கூட ஆட்சியாளர்களுக்கு எந்தச் சிக்கலுக்கும் இவர்களையே அனுப்பத் தோன்றுகிறது. சின்னப் படை, பெரிய நம்பிக்கை, நாடாளுமன்றத்தில் கேள்வி குறைவு. அமெரிக்கச் சிறப்புப் படைத் தலைமை 2020 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு, தொடர்ந்து களத்துக்கு அனுப்புவதிலும் பணியை முடிப்பதிலுமே கவனம் போனதால் தலைமைப் பண்பும் ஒழுங்கும் தேய்ந்தன என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது.

என் அக்கா மகன் படையில் சேர ஆசைப்படுகிறான். உங்கள் கட்டுரையை வெட்டி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறான். அவனை நான் தடுக்கப் போவதில்லை, போகட்டும், நல்ல ஆசைதான். ஆனால் அவனுக்கு அதிலிருந்து கிடைத்தது, முழங்கால் வலித்தாலும் சொல்லக் கூடாது என்பதும், விலகுகிறவன் கோழை என்பதும் மட்டும். வரைபடம் படிக்கக் கற்றுக்கொள், இன்னொரு மொழி படி, முதலுதவி படி, தப்பு என்று தெரிந்தால் மேலதிகாரியிடம் சொல்லப் பழகு என்று நான் சொன்னால் மாமா அறிவுரை என்று தள்ளிவிடுவான். உங்கள் பத்திரிகை சொன்னால் கேட்பான், அவன் வயசுப் பையன்கள் நிறையப் பேர் கேட்பார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்தப் பட்டியலுக்கு ‘இரண்டாம் பாகம் விரைவில்’ என்று போட்டிருக்கிறீர்கள். அதில் அடுத்த 10 படைகளுக்கு எண் போடுவதை விட்டுவிடுங்கள். பிரிட்டனின் சிறப்புப் படைகள் ஆப்கானிஸ்தானில் நடத்திய இரவுச் சோதனைகளைப் பற்றி ஒரு பொது விசாரணை 2022-இல் அறிவிக்கப்பட்டு, நீதிபதி ஹேடன் கேவ் தலைமையில் மறு ஆண்டு முதல் சாட்சிகளைக் கேட்க ஆரம்பித்தது. அதன் ஆவணங்களில் ஒரு பகுதி யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. அதோடு ஹாலோவே ஆய்வு, ப்ரெரட்டன் அறிக்கை, இந்த மூன்றையும் உங்கள் நிருபர் ஒருவரிடம் கொடுத்து, அவசரப்படுத்தாமல் நேரம் கொடுங்கள். இரண்டு பக்கம் போதாது, நாலைந்து வாரம் தொடராகப் போடும் அளவுக்கு விஷயம் இருக்கிறது. படங்களுக்குப் பஞ்சம் வந்தால் அந்தத் தூதரகக் கட்டடத்தின் வரைபடத்தைப் போடுங்கள், எந்த ஜன்னலில் கண்ணாடி உடையாது என்று குறித்து.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்